யாருக்கு என்று கேட்காத நாள்

அடைக்கலம் யாகோப்பு 1967ஆம் ஆண்டு, ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மேற்கணக்கில், அதாவது அதன் மேல் பிரிவில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் ஜேக்கப் என்றும் ஞானஸ்நானப் பதிவில் யாகோப்பு என்றும் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையில் உள்ள பெயர் இரண்டிலும் சேராது. பெற்றோருக்குப் பிழைத்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் இன்னாசி, ஐந்து வயது பெரியவர்; தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார்; மனைவி பெயர் றீட்டா, ஒரே மகன் றொமேஷ். இளையவரான யாகோப்பு பத்தாம் வகுப்பு முடித்துப் பதுளையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் உபதேசியாராகச் சேர்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 2014இல், மீரியபெத்தயில் மண் சரிந்த சில வாரங்களுக்குப் பிறகு, பங்குத்தந்தை தாம் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளை அவருக்குக் கொடுத்தார். அப்போதே அந்த வண்டிக்கு முப்பது வயது.

இவ்வளவும் நடந்தவை. அவர் நல்ல உபதேசியார் என்பது தோட்டத்து மக்களின் மதிப்பீடு. அவருடைய மதிப்பீடு வேறு.

ஞாயிறு வழிபாடு, ஞானஸ்நான வகுப்பு, திருமண ஓலை வாசிப்பு என்று உபதேசியாரின் வேலைகள் பல. அவற்றுள் யாகோப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒன்றுதான். சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து செபம் சொல்வதில் அவருக்கு நிகரில்லை என்று சொல்வார்கள். பங்குத்தந்தை நான்கு மலைகளுக்கு ஒருவர். அவரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பல உயிர்கள் காத்திருப்பதில்லை. ஆகவே ஆள் முதலில் உபதேசியாரிடம் ஓடுவான். எல்ல என்ற ஊருக்கு அந்தப் பக்கம் மூடுபனிக்குள் அந்தப் பழைய வண்டி உறுமிக்கொண்டு ஏறினால், கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். யாருக்கோ நேரம் வந்துவிட்டது என்பது அந்தச் சத்தத்தின் பொருள்.

அந்த நேரத்தைக் குறிப்பதற்குத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. சாவு என்ற சொல்லை எவரும் எடுப்பதில்லை. ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் இராது. அப்பாவுக்கு என்றோ, அத்தைக்கு என்றோ, ஆளின் பெயரைச் சொல்லியோ இழுக்கிறது என்று சொன்னால், சொன்ன வாயே அந்த ஆளை அனுப்பிவைத்ததாகிவிடும் என்ற பயம் அந்த மலைகளில் இருந்தது. யாருக்கு என்று கேட்பதும் பழக்கமில்லை. எந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறான், அவன் முகம் எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டே உபதேசியார் புரிந்துகொள்வார். சட்டையை மாட்டிக்கொண்டு, செபப் புத்தகத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டதில்லை.

கண்ணாடி ஒன்றுதான் அவருக்குச் சத்துரு. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அது இல்லாமல் ஓர் எழுத்தும் தெரியாது. அது எந்தப் பையில் இருக்கிறது என்பதும் தெரியாது. ஒருமுறை அண்ணனைப் பார்க்க மேற்கணக்குக்குப் போயிருந்தபோது, லயத்தில் அடுத்த வீடான காம்பராவில் கிடந்த பெரியவர் ஒருவருக்கு முடிவு நெருங்கியது. யாகோப்பு தலைமாட்டில் உட்கார்ந்து சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் துழாவிக் கண்ணாடியை எடுப்பதற்குள், பெரியவர் கண் திறந்து, “என்னத்தத் தேடுறீங்க?” என்று கேட்டுவிட்டார். அன்று முழுவதும் இன்னாசிக்கு அதைச் சொல்லிச் சிரிப்பு.

“டேய் உபதேசி, எனக்கு இழுக்கிறப்ப பொஸ்தகத்தக் கொண்டுக்கிட்டு வராத. மனப்பாடம் பண்ணிட்டு வா. நீ கண்ணாடி தேடி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்து, அங்க பேர் பதிஞ்சி, சாப்பாடும் வாங்கிருவேன்.”

“சும்மா இருண்ணே.”

“சும்மா சொல்லல. வேற எவனும் வந்து என் காதுல ஓதக்கூடாது. சாமியாரும் வேணாம். அவர் படிக்கிற வேகத்துக்கு எனக்குத் தலை சுத்தும். நீ வா. காதுக்கிட்ட உக்காந்து மெதுவாச் சொல்லு. நீ வர்றவரைக்கும் நான் போகமாட்டேன், சரியா?”

யாகோப்பு சரி என்றார். பதுளைக்குத் திரும்பியதும் அந்தச் செபம் முழுவதையும் மனப்பாடம் செய்தார். காலையில் முகம் கழுவும்போது சொல்லிப் பார்ப்பார். பஸ்ஸில் சொல்லிப் பார்ப்பார். அதை யாருக்காக மனப்பாடம் செய்கிறோம் என்று நினைக்கும்போது அவருக்கே ஒரு கூச்சம் வரும். அண்ணனுக்கு அப்போது மூச்சிழுப்பு இருந்ததே தவிர, படுக்கையில் கிடக்கவில்லை. தேயிலைத் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாதம் இருமுறை கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்றபடி ரொட்டி தின்றார், பகிடி விட்டார், பக்கத்து லயத்துக் கோழிகளோடு சண்டை பிடித்தார்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் மோட்டார் சைக்கிளின் ரேஸ் வயர் அறுந்தது. கைப்பிடியை முறுக்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் கம்பி அது. உறைக்குள் ஓடும் மெல்லிய இழைகளின் முறுக்கு. பல நாளாக ஒவ்வோர் இழையாக அறுந்துகொண்டிருந்ததை யாகோப்பு கவனித்திருந்தும் தள்ளிப்போட்டிருந்தார். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த இத்ரூஸ் நானாவிடம் புதிய வயர் ஒன்றை வாங்கி, பெட்ரோல் தாங்கியைக் கழற்றி, அவரே மாட்டினார். வண்டி கிளம்பியது. ஆனால் கைப்பிடியை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ரேஸ் தானாக ஏறியது. கையை விட்டாலும் இறங்க மறுத்தது. நேராக்கினால் மெல்ல இறங்கும். மலைப்பாதையில் இது வேடிக்கையான விஷயம் அல்ல. வளைவில் வேகம் குறைய வேண்டிய இடத்தில் வண்டி முன்னே பாயும்.

அவர் ஒழுங்காகத்தான் சோதித்தார். முதலில் கைப்பிடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதில் இறுக்கம் இல்லை. காபரேட்டர் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டுப் பார்த்தார். அது தடையில்லாமல் விழுந்தது. அப்படியானால் குறை வயரில் என்று முடிவு செய்தார். வயர் கட்டை, ஆகவே திருப்பும்போது இழுபடுகிறது என்பது அவர் கண்டது. இத்ரூஸ் நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“வயர்ல பிழ ஒண்டுமில்ல, உபதேசியார். இந்த வண்டிக்கு இந்த வயர்தான். நீங்க கொண்டு போன வழியிலதான் பிழ. ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தால போறத்த நீங்க கழுத்துக்கு முன்னால சுத்திக் கொண்டு போயிருப்பீங்க. வண்டியக் கொண்டு வாங்க, பார்ப்பம்.”

வண்டியைக் கொண்டுபோக யாகோப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. தாம் மாட்டியது தவறாக இருக்கும் என்று அவர் நம்பவும் இல்லை. நீளமான வயர் ஒன்றைத் தருவித்துத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே றொமேஷ் வந்து வண்டியைக் கேட்டான். அவன் பண்டாரவளையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தான். தகப்பனை முச்சக்கர வண்டியில் ஏற்றினால் குலுக்கலில் மூச்சு வாங்குகிறது, பஸ்ஸில் நிற்க முடியவில்லை, இரண்டு வாரத்துக்கு வண்டி இருந்தால் பின்னால் உட்காரவைத்து மெதுவாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன் என்றான். அண்ணனுக்கு என்றதும் யாகோப்பு மறு பேச்சுப் பேசவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, இடப்பக்க வளைவுகளில் என்ன நடக்கும் என்று விளக்கினார். அப்போது அவர் சொன்ன வார்த்தைகள் அவருக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

“இடப்பக்கம் திருப்பினா இழுத்துக்கும். கவனம். இழுத்துக்கிட்டே இருந்துச்சின்னா நீயா ஒன்னும் செய்யாத. எனக்கு ஒரு போன் பண்ணு.”

செப்டெம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். நீளமான வயர் வந்துவிட்டது என்று இத்ரூஸ் நானா சொல்லி அனுப்பியதால் யாகோப்பு கடைக்குப் போயிருந்தார். சுருட்டிய வயரைக் கையில் வைத்து நீளம் பார்த்துக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. றொமேஷின் எண். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. பையன் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“சித்தப்பா, காலையில இருந்து இழுத்துக்கிட்டே இருக்கு.”

“நெனச்சேன். விடாம இருக்கா, விட்டு விட்டா?”

“விட்டு விட்டு. கொஞ்ச நேரம் எறங்குது. அப்புறம் திரும்ப ஏறுது.”

“இடப்பக்கம் திருப்பிப் பார்த்தியா?”

“பார்த்தோம். அந்தப் பக்கம் திருப்பினாத்தான் ரொம்பக் கூடுது.”

“அப்ப அதேதான். பயப்படாத. கழுத்துக்கிட்ட மடிஞ்சிருக்கும். கழுத்த நேராக்கி வையி, கொறையும். வீட்டுல எண்ணெய் இருக்கா?”

“இருக்கு, சித்தப்பா.”

“ரெண்டு சொட்டு போதும். மேல விடு, தானா எறங்கிடும்.”

“கீழ எறக்கிக் கொண்டு போகவா?” என்று பையன் கேட்டான்.

“வேணாம் வேணாம். இந்த நெலமையில ரோட்டுல எறக்காத. வழியிலேயே நின்னுரும். அப்படியே இருக்கட்டும், நான் வந்து பார்க்கிறேன்.”

“எப்ப வர்றீங்க?”

“நாளைக்குப் பூசை முடிஞ்ச ஒடனே.”

“நாளைக்கா?”

“நாளைக்கு வரைக்கும் தாங்கும்டா. நான் பார்க்காததா?”

“சரி, சித்தப்பா” என்றான் றொமேஷ். அந்தச் சரியில் ஓர் ஆறுதல் இருந்தது. யாகோப்பும் அதைக் கேட்டு நிம்மதி அடைந்தார்.

தொலைபேசியைப் பைக்குள் போட்டதும் இத்ரூஸ் நானா கேட்டார், “வண்டியா?”

“வண்டிதான், நானா. இழுத்துக்கிட்டே இருக்காம்.”

“உங்கட வாயால அந்தச் சொல்லக் கேக்க எனக்கு ஏலாது, உபதேசியார். வண்டிக்கு இழுக்குதோ மனுசனுக்கு இழுக்குதோ எண்டு யாருக்குத் தெரியும்?”

யாகோப்பு சிரித்தார். கடையில் நின்ற இன்னொருவரும் சிரித்தார். வயரைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு யாகோப்பு வெளியே வந்தபோது, ஹல்துமுல்லை வழியாகக் கொழும்புக்குப் போகும் பகல் பஸ் எதிரே நின்றது. பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. நடத்துநர் அவரை அடையாளம் கண்டு, ஏறுங்கள் என்று கையசைத்தார். நாளைக்கு என்று யாகோப்பும் கையசைத்துவிட்டு நடந்தார்.

அந்த பஸ் மாலைக்கு முன்பே ஹல்துமுல்லையில் நின்று புறப்பட்டிருக்கும். இன்னாசி, தோட்டத்தில் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் இறந்தார்.

செய்தியைச் சொன்னவன் றொமேஷ் அல்ல. பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர். அண்ணன் தவறிவிட்டார், உடனே வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். யாகோப்பு நம்பாமல் மறுபடி அழைத்துக் கேட்டார். அதே பதில் வந்தது. எப்படி இவ்வளவு திடீரென்று என்ற கேள்வியோடே கிடைத்த வாகனத்தில் ஏறினார். பகலில் பேசும்போது பையன் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதன் பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். செபப் புத்தகத்தை எடுக்க மறந்திருந்தார். கடதாசியில் சுற்றிய வயர் மட்டும் பையில் இருந்தது.

அண்ணனின் கழுத்துக்குக் கீழே ஒரு துவாய் மடித்து வைக்கப்பட்டு, தலை நேராக இருந்தது. நெற்றியில் எண்ணெய் காய்ந்திருந்தது. யாகோப்பு அவற்றைப் பார்த்தார். ஆனால் அவற்றின் பொருள் அவருக்கு அப்போது எட்டவில்லை. அண்ணனின் காதருகே குனிந்து, கண்ணாடி இல்லாமல், ஒரு சொல் பிசகாமல் செபத்தைச் சொல்லி முடித்தார். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

அடக்கம் ஞாயிறு மாலை. மறுநாள் காலையில் வந்தவர்கள் போன பிறகு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் யாகோப்பு லயத்து வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளிடம் போனார். கடதாசியைப் பிரித்து வயரை எடுத்து, தாங்கியைக் கழற்றத் திருகாணியைத் தேடினார். றொமேஷ் கறுப்புச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

“என்ன சித்தப்பா செய்றீங்க?”

“ரேஸ் வயர மாத்திடுறேன். இழுத்துக்கிட்டு இருக்குன்னு சொன்னியே.”

“வண்டியா? வண்டியில ஒன்னுமே இல்ல, சித்தப்பா. கொண்டாந்த அன்னைக்கே சரியாக்கிட்டேன். நீங்க கழுத்துக்கு முன்னால சுத்தி விட்டிருந்தீங்க. அதைப் பக்கத்தால எடுத்து விட்டேன். இப்ப எந்தப் பக்கம் திருப்பினாலும் இழுக்காது.”

சொன்னபடியே அவன் சாவியைப் போட்டு உதைத்து எஞ்சினைக் கிளப்பினான். கைப்பிடியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினான். ரேஸ் ஏறவில்லை. வலப்பக்கம் திருப்பினான். ஏறவில்லை. வண்டி ஒரே சீராக நின்று ஓடியது.

“அப்ப சனிக்கிழமை போன் பண்ணினது?”

றொமேஷ் எஞ்சினை நிறுத்திவிட்டு அவரை விளங்காமல் பார்த்தான். “அப்பாவுக்குத்தான்” என்றான். இப்போது அந்த உறவைச் சொல்வதில் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. “நீங்க சொன்ன மாதிரியே செஞ்சோம், சித்தப்பா. கழுத்துக்குத் துவாய் வச்சி நேராக்கினோம். அம்மா மாதா படத்துக்கிட்ட வச்சிருந்த மந்திரிச்ச எண்ணெயை நெத்தியில ரெண்டு சொட்டு விட்டாங்க. தோட்டத்துத் தொரை லொறி தர்றேன்னு சொன்னார். நீங்க ரோட்டுல எறக்க வேணாம்னு சொன்னதால நாங்க போகல.”

யாகோப்பு வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். தாம் அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறது என்று பையன் சொன்னது படுக்கையில் கிடந்த மனிதனைப் பற்றி. கழுத்தை நேராக்கு என்று அவர் சொன்னது வண்டியைப் பற்றி. நாளைவரை தாங்கும் என்று அவர் சொன்னதை, எத்தனையோ பேரின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுந்த உபதேசியாரின் கணிப்பாக அந்த வீடு ஏற்றுக்கொண்டிருந்தது.

அவர் வாய் திறந்தார். அதற்குள் றீட்டா காம்பராவிலிருந்து தேநீரோடு வெளியே வந்தார். இரண்டு நாளாக அழுது குரல் கம்மியிருந்தது. மைத்துனர் முகத்தைப் பார்த்து, அவர் தம்மை நொந்துகொள்கிறார் என்று மட்டும் விளங்கிக்கொண்டார். எதற்காக என்று விளங்கிக்கொள்ளவில்லை.

“நீங்க வரலைன்னு மனசப் போட்டு ஒலப்பாதீங்க, தம்பி. நீங்க போன்ல சொல்லலைன்னா நாங்க என்ன செஞ்சிருப்போம்? கழுத்த நேராக்கினதும் மூச்சு லேசாத்தான் ஆச்சு. தம்பி பயப்பட வேணாம்னு சொல்லிருக்கார், நாளைக்கு வந்துருவார்னு அவர் காதுலயும் போட்டேன்.”

“என்ன சொன்னார்?” என்று கேட்டார் யாகோப்பு.

றீட்டாவின் முகத்தில் அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. “அவர் பேச்ச விடுவாரா? ‘கண்ணாடி தேடுறானாக்கும்’னு சொன்னார். அதுக்கப்புறம் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தார்.”

சொல்ல நினைத்ததை அத்துடன் யாகோப்பு விட்டுவிட்டார். நான் உங்களுக்குச் சொன்னது ஓர் இரும்பு வண்டிக்குரிய வைத்தியம் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் கையிலிருக்கும் ஒரே ஆறுதலும் போகும். போவதோடு, லொறி தருகிறேன் என்ற துரையின் வார்த்தையும், எண்ணெய் விட்ட கையும், கீழே இறக்காமல் இருந்த மகனும் ஒவ்வொன்றாகக் கேள்விக்கு வரும். றொமேஷ் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமப்பான். இப்படி அவர் தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார். அந்தக் காரணங்களுக்கு அடியில், மதினி தம்மைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயமும் கிடந்தது. அதையும் அவர் அறிந்திருந்தார். தேநீரை வாங்கிக் குடித்தார். வயரை மறுபடி கடதாசியில் சுற்றினார்.

லொறியில் ஏற்றியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரிடமும் அவர் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னாலும் ஆம் என்று சொன்னாலும் அந்தப் பதிலை வைத்துக்கொள்ளத் தம்மிடம் இடமில்லை என்று அவருக்குத் தோன்றியது. இன்னொன்று மட்டும் கேட்காமலே தெரியும். பகல் பஸ்ஸில் ஏறியிருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாம். இருக்கை இருந்தது. நடத்துநர் கூப்பிட்டார்.

வண்டியை அவரே பதுளைக்கு ஓட்டி வந்தார். ஹல்துமுல்லையிலிருந்து மேலே ஏறும் பாதையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. இடப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் ரேஸ் ஏறப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டார். ஒரு வளைவில்கூட ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைக்கும்போது நினைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து இத்ரூஸ் நானா துக்கம் விசாரித்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக வயர் பொருந்தியதா என்று கேட்டார்.

“வயர்ல பிழை இல்ல, நானா” என்றார் யாகோப்பு. “நீங்க சொன்னதுதான் சரி. கொண்டு போன வழியிலதான் பிழை.”

அப்படியானால் புதியதைத் திருப்பிக் கொடுங்கள், வேறு யாருக்காவது விற்கிறேன் என்றார் நானா. யாகோப்பு கொடுக்கவில்லை. அது அவருடைய அறையில், கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில், பிரிக்காத சுருளாக இன்னும் தொங்குகிறது.

அதன் பிறகும் அவர் உபதேசியாராகத்தான் இருக்கிறார். அதே வண்டியில்தான் போகிறார். ஒரு பழக்கம் மட்டும் மாறியது. யார் வந்து, அல்லது தொலைபேசியில், இழுத்துக்கிட்டு இருக்கு என்று சொன்னாலும், “யாருக்கு?” என்று கேட்பார். சொல்ல மறுத்தாலும் விடமாட்டார். பெயரை வாங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பார். தோட்டங்களில் இது பலருக்குப் பிடிக்கவில்லை. உபதேசியாருக்கு வயது போய்விட்டது, கேட்கக் கூடாததைக் கேட்கிறார் என்று முணுமுணுத்தார்கள். ஒரு வீட்டில், பெயரைச் சொல்லவைத்ததால்தான் கிழவி போனாள் என்று முகத்துக்கு நேரே ஏசினார்கள். அவர் ஏச்சை வாங்கிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தார். இன்னொரு நாள், தெமோதரைப் பக்கத்திலிருந்து பேசிய ஓர் இளைஞன் வெகு நேரம் தயங்கிவிட்டு, “யாருக்கும் இல்லீங்க, தண்ணி மோட்டருக்குங்க, உங்களுக்கு மோட்டர் வேலை தெரியும்னு சொன்னாங்க” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாகோப்பு தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் இன்னாசிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். முடிந்ததும் மேற்கணக்கில் சாப்பாடு. றொமேஷுக்கு இப்போது அஞ்சலின் என்று மனைவி வந்திருக்கிறாள். பூசைக்கு வருகிறவர்களிடம் றீட்டா அந்தக் கதையைத் தவறாமல் சொல்வார். தம்பி பதுளையில் இருந்தபடி, கண்ணால் பார்க்காமலே, கழுத்தை நேராக்கு, இரண்டு சொட்டு எண்ணெய் விடு என்று சொன்னதையும், சொன்னதைச் செய்ததும் மூச்சு லேசானதையும் சொல்வார். கேட்பவர்கள் யாகோப்பைத் திரும்பிப் பார்ப்பார்கள். அஞ்சலின், மருமகளாக வந்த முதல் வருடம், அவருடைய கையைத் தொட்டு முத்தமிட்டாள்.

அந்த வருடம் அவர் ஒரு முடிவோடு போயிருந்தார். எல்லாரும் எழுந்து போன பிறகு, றீட்டா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

“மதினி, அன்னைக்கு நான் போன்ல சொன்னது...”

“தெரியும் தம்பி” என்றார் றீட்டா, நிமிராமல். “அதைத்தானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

யாகோப்பு குனிந்து மிச்சத் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

இன்னாசி இறந்து இப்போது ஆறு வருடங்கள்; அந்தப் பேச்சை யாகோப்பு மறுபடி எடுக்கவில்லை.